சிறகை முறுக்கிய சைக்கிள் கடைக்காரர்!

மாணவச் செல்வங்களே... வானத்தில் வட்டமிடும் பருந்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நீண்ட நேரம் சிறகை அடிக்காமலேயே மிதந்து கொண்டிருக்கும். திடீரென்று இடப்பக்கம் திரும்பும். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் திரும்பும். அதற்கு ஹேண்டில்பாரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பிறகு எப்படித் திரும்புகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவர்தான் வில்பர் ரைட். ரைட் சகோதரர்களில் மூத்தவர். விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஓர் அட்டைப் பெட்டியின் கதை இருக்கிறது. வாருங்கள், பார்ப்போம்!

ரப்பர் பேண்டில் பறந்த பொம்மை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், மில்வில் என்ற சிற்றூருக்கு அருகில், 1867ம் ஆண்டு ஏப்ரல் 16ம் தேதி வில்பர் பிறந்தார். தந்தை மில்டன் ரைட், கிறிஸ்தவ சபை ஒன்றின் பேராயர். தாய் சூசன், கைவேலையில் கெட்டிக்காரர். பிள்ளைகளுக்கு வேண்டிய விளையாட்டுப் பொருட்களைத் தாமே செய்து கொடுப்பார். உடைந்த சாமான்களைப் பழுது பார்ப்பார். வில்பருக்கு நான்கு வயது ஆனபோது, 1871ம் ஆண்டு, தம்பி ஆர்வில் பிறந்தான். மூன்று ஆண்டு கழித்து அதே ஆகஸ்ட் 19ம் தேதியில் தங்கை காதரின் பிறந்தாள்.

1878ம் ஆண்டு தந்தை வெளியூர் போய்த் திரும்பியபோது ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம் இவற்றால் செய்தது. ரப்பர் பேண்டை முறுக்கி விட்டால் விர்ரென்று கூரையை நோக்கிப் பறக்கும். சகோதரர்கள் இருவரும் அது உடையும் வரை பறக்க விட்டனர். உடைந்ததும் அழவில்லை. அதே போல் தாங்களே செய்தனர். பிறகு அதைவிடப் பெரிதாகச் செய்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய, அது சரியாகப் பறக்கவில்லை. ஏன் என்று அப்போது அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால், அந்த 'ஏன்' மட்டும் மனதில் தங்கி விட்டது.

இருண்ட மூன்று ஆண்டுகள்

வில்பர் படிப்பில் சுட்டி. ஓட்டம், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பார். புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்பது குடும்பத்தின் கனவு.

18 வயதில் எல்லாமே மாறியது. குளிர்காலத்தில் உறைந்து போன நீர்நிலையின் மீது நண்பர்களுடன் ஹாக்கி விளையாடிக் கொண்டிருந்தார். ஒரு மட்டை அவர் முகத்தில் பலமாக அடித்தது. முன்பற்கள் போயின. காயம் ஆறிய பிறகும் உடல் தேறவில்லை. நெஞ்சு படபடப்பு வந்தது. மனம் சோர்ந்தது. வெளியில் போவதையே குறைத்துக் கொண்டார். யேல் கனவு கலைந்து போனது.

அதே சமயம் தாய் சூசன் காசநோயால் படுத்த படுக்கையானார். வில்பர்தான் அவருக்குத் துணை. காலையில் தாயைத் தூக்கிக் கொண்டு மாடியிலிருந்து கீழே வருவார். இரவில் மீண்டும் தூக்கிக் கொண்டு போய்ப் படுக்க வைப்பார். தாய் தூங்கும் நேரத்தில் தந்தையின் நூல்நிலையத்தில் இருந்த புத்தகங்களை ஒன்று விடாமல் படித்தார். சுமார் மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1889ம் ஆண்டு தாய் இறந்து போனார்.

கல்லூரி வாசலை மிதிக்காத அந்த இளைஞனைப் பார்த்தவர்களுக்கு அவன் வாழ்க்கை வீணாகி விட்டதாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால், தனியாக உட்கார்ந்து படிக்கவும், படித்ததைச் சோதித்துப் பார்க்கவும் அவர் கற்றுக் கொண்டது அந்த ஆண்டுகளில்தான்.

சைக்கிள் சொன்ன பாடம்

தம்பி ஆர்வில் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரில் ஓர் அச்சகம் ஆரம்பித்திருந்தான். வில்பரும் அதில் சேர்ந்து கொண்டார். 1892ம் ஆண்டு இருவரும் சைக்கிள் கடை திறந்தனர். அப்போது அமெரிக்கா முழுவதும் சைக்கிள் மோகம். முதலில் வாடகைக்கு விட்டனர், பழுது பார்த்தனர். 1896ம் ஆண்டு முதல் சொந்தமாகவே சைக்கிள் தயாரித்து விற்றனர்.

அதே 1896ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் இருந்து ஒரு சோகச் செய்தி வந்தது. இன்ஜின் இல்லாத கிளைடரில் பல நூறு முறை பறந்து காட்டிய ஆட்டோ லிலியென்தால் என்பவர், கிளைடர் விழுந்து இறந்து போனார். அவர் காற்றில் தொங்கியபடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டித்தான் கிளைடரை நேராக வைத்துக் கொள்வார். அன்று பலமான காற்று கிளைடரைத் தூக்கியபோது, உடம்பை ஆட்டுவது மட்டும் போதவில்லை.

வில்பர் யோசித்தார். அந்தக் காலத்தில் விமானம் செய்ய முயன்ற பலரும் பெரிய இன்ஜின் வேண்டும், பெரிய இறக்கை வேண்டும் என்றே நினைத்தனர். காற்றில் ஏறிய பிறகு அதை எப்படி அடக்குவது என்று யோசித்தவர்கள் மிகச் சிலர்.

சைக்கிளை எண்ணிப் பாருங்கள். அது தானாக நிற்காது. இரண்டு சக்கரத்தில் சாய்ந்து விழத்தான் பார்க்கும். ஓட்டுபவர்தான் நொடிக்கு நொடி சமாளிக்கிறார். திரும்பும்போது சைக்கிள் உட்பக்கம் சாய்கிறது. விமானமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வில்பர் முடிவு செய்தார். அதைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் ஓட்டுபவரால் முடிய வேண்டும்.

1899ம் ஆண்டு மே 30ம் தேதி, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பறத்தல் பற்றி இதுவரை வெளிவந்த நூல்களின் விவரங்களை அனுப்பும்படி அதில் கேட்டிருந்தார். இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் வரும்.

அட்டைப் பெட்டி அதிசயம்

பறவைகளையும் வில்பர் விடாமல் கவனித்து வந்தார். காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து போகும் பறவை, சிறகு நுனிகளைச் சற்றே திருகித் தன்னை நிமிர்த்திக் கொள்வதாக அவருக்குப் பட்டது. ஒரு நுனி மேல்நோக்கித் திரும்பினால், மற்றது கீழ்நோக்கித் திரும்பும்.

சரி, மரத்தாலும் துணியாலும் செய்த இறக்கையை எப்படித் திருகுவது? கீல், பல்சக்கரம் என்று வைத்தால் கனம் கூடும்; இறக்கையும் பலவீனமாகும். இங்கேதான் அவர் திணறினார்.

1899ம் ஆண்டு ஜூலை மாதம். சைக்கிள் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் டியூப் வாங்க வந்தார். டியூபை எடுத்துக் கொடுத்த வில்பர், அது இருந்த நீளமான காலி அட்டைப் பெட்டியைக் கையில் வைத்தபடி பேசிக் கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் விரல்கள் பெட்டியை முறுக்கின. சட்டென்று கண்கள் பெட்டியில் நிலைத்தன. பெட்டி முறுங்கியது, ஆனால், உடையவில்லை. அதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு இறக்கைகளாக அவருக்குத் தெரிந்தன!

நீங்களும் செய்து பார்க்கலாம். காலியான பற்பசைப் பெட்டி ஒன்றை எடுத்து இரண்டு முனைகளிலும் மூடியைத் திறந்து விடுங்கள். இரு கைகளாலும் இரு முனைகளைப் பிடித்து, துணி பிழிவது போல மெல்ல எதிரெதிராக முறுக்குங்கள். ஒரு முனையில் முன்விளிம்பு உயரும், மறுமுனையில் தாழும். கையை விட்டதும் பெட்டி பழைய வடிவத்துக்குத் திரும்பி விடும்.

இதனால் என்ன லாபம்? இன்னொரு சோதனை செய்யுங்கள். மேசை மின்விசிறிக்கு முன்னால் ஓர் அட்டையைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். பிறகு, காற்று வரும் பக்கத்து விளிம்பைச் சற்றே உயர்த்துங்கள். அட்டை மேலே எழும்பப் பார்க்கும். இதைத் தூக்குவிசை என்பார்கள். காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓரளவு கூடினால் தூக்குவிசையும் கூடும். இறக்கையை முறுக்கினால் ஒரு பக்கம் அதிகத் தூக்குவிசை, மறுபக்கம் குறைந்த தூக்குவிசை கிடைக்கும். ஒரு பக்கம் எழும்ப, மறுபக்கம் இறங்க, விமானம் சாய்ந்து கொடுக்கும். பிறகு எதிர்ப்பக்கம் முறுக்கினால் நிமிர்ந்து விடும்.

உடனே வில்பர் 5 அடி அகலத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்ட ஒரு பட்டம் செய்தார். பட்டத்துக்கு நான்கு நூல்கள். இரண்டு கைகளிலும் இரண்டு குச்சிகள். குச்சிகளைச் சாய்த்தால் மேலே பட்டத்தின் இறக்கை முறுங்கும். வேடிக்கை பார்க்கச் சில சிறுவர்கள் கூடினர். குச்சியைச் சாய்த்ததும் பட்டம் சொன்னபடி கேட்டது. ஒருமுறை சர்ரென்று கீழே பாய்ந்தபோது, தலையில் இடித்து விடுமோ என்று சிறுவர்கள் தரையில் படுத்து விட்டார்களாம்!

மணல் மேட்டில் ஒரு பள்ளிக்கூடம்

பட்டம் பறந்து விட்டது. மனிதன் பறக்க வேண்டாமா? பலமான காற்றும், விழுந்தால் அடிபடாத மணலும் உள்ள இடம் வேண்டும். வானிலைத் துறையின் பதிவுகளைப் பார்த்து, வட கரோலினா கடற்கரையில் உள்ள கிட்டி ஹாக் என்ற மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்.

1900ம் ஆண்டு செப்டம்பரில் வில்பர் புறப்பட்டார். கடைசிக் கட்டப் பயணம் ஓட்டைப் படகில். நடுவில் புயற்காற்று வேறு. எப்படியோ கரை சேர்ந்தார். அங்கே டேட் என்பவரின் வீட்டில் தங்கி, அவர் மனைவியின் தையல் மெஷினில் கிளைடரின் இறக்கைத் துணியைத் தைத்தார். பின்னாலேயே ஆர்வில் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு வில்பர் காற்றில் இருந்தது மொத்தமே சுமார் 2 நிமிடங்கள்தான். ஊருக்குத் திரும்பும்போது கிளைடரை அங்கேயே விட்டுச் சென்றனர். அந்த நல்ல துணியைப் பிரித்து, அந்த வீட்டுப் பெண் குழந்தைகள் இருவருக்கும் கவுன் தைத்து விட்டார் அந்த அம்மா!

1901ம் ஆண்டு 22 அடி அகலத்தில் பெரிய கிளைடருடன் வந்தனர். ஒரே ஏமாற்றம். கணக்குப் போட்ட தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. கொசுக்கடி வேறு. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, இறக்கையை முறுக்கியபோது கிளைடர் சில நேரம் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது! தான் மலைபோல் நம்பிய முறுக்கு வித்தையே தன்னைக் கவிழ்க்கப் பார்த்ததும், வில்பர் மனம் உடைந்து போனார். தன் காலத்தில் மனிதன் பறக்கப் போவதில்லை என்றே ரயிலில் திரும்பும்போது நினைத்தார்.

ஆனால், வீட்டுக்கு வந்ததும் சும்மா உட்காரவில்லை. தவறு தங்கள் மீதா, தாங்கள் நம்பிய பழைய கணக்கு அட்டவணைகள் மீதா என்று பார்த்து விட முடிவு செய்தனர். முதலில் சைக்கிளின் ஹேண்டில்பார் மேல் ஒரு சக்கரத்தைப் படுக்கை வாட்டில் பொருத்தி, அதில் சிறு இறக்கை மாதிரிகளை மாட்டி, தெருவில் வேகமாக மிதித்துப் பார்த்தனர். பிறகு 6 அடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஒரு முனையில் விசிறியை வைத்தனர். அதுதான் அவர்களுடைய காற்றுச் சுரங்கம். உள்ளே வைக்கும் தராசைச் சைக்கிள் ஆரக்கம்பியிலும் பழைய ரம்பத் தகட்டிலும் செய்தனர். சுமார் 200 வகை இறக்கை மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, புதிய அட்டவணை தயாரித்தனர். பழைய கணக்கில்தான் பிழை!

எதிர்ப்பக்கம் திரும்பியது ஏன்?

அந்த முரட்டுத் திருப்பத்துக்கும் காரணம் தெரிந்தது. தூக்குவிசை கூடும் இறக்கைக்கு, காற்றின் இழுப்பும் கூடுகிறது. அதாவது, மேலே எழும்பும் இறக்கையைக் காற்று பின்னாலும் பிடித்து இழுக்கிறது. அந்தப் பக்கம் வேகம் குறைகிறது. அதனால் மூக்கு தவறான பக்கம் திரும்பி விடுகிறது. ஒன்று கிடைத்தால் ஒன்றை இழக்கத்தான் வேண்டும். இது இயற்கையின் கணக்கு.

இதைச் சமாளிக்க, 1902ம் ஆண்டு செய்த 32 அடி கிளைடரின் பின்னால் செங்குத்தான வாலைப் பொருத்தினர். பல நேரங்களில் நன்றாகப் பறந்தது. ஆனால், சில நேரம் தாழ்ந்த இறக்கை மணலில் குத்தி, சுழன்று பள்ளம் பறித்தது. இதற்குக் கிணறு தோண்டுதல் என்று இருவரும் கேலியாகப் பெயர் வைத்தனர். ஓர் இரவு தூக்கம் வராமல் புரண்ட ஆர்விலுக்கு ஒரு யோசனை வந்தது. வாலை அசையாமல் வைப்பதற்குப் பதில், படகின் சுக்கானைப் போல அசையும்படி செய்தால் என்ன? காலையில் அண்ணனிடம் சொன்னார். வில்பர் அதைக் கேட்டு, இன்னொரு படி மேலே போனார். இறக்கையை முறுக்கும் கம்பியையும் சுக்கானின் கம்பியையும் ஒன்றாக இணைத்து விட்டார். படுத்தபடி ஓட்டுபவர் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தினால் போதும். இறக்கை முறுங்கும்; சுக்கானும் தானாகத் திரும்பி, மூக்கைச் சரியான பக்கம் வைக்கும்.

தம்பி சொன்ன யோசனைதானே என்று அண்ணன் தள்ளவில்லை. என் யோசனையை மாற்றி விட்டாரே என்று தம்பியும் கோபிக்கவில்லை. இருவரும் கத்திச் சண்டை போடுவது போல வாதம் செய்வார்கள். சில சமயம் வாதத்தின் முடிவில் அண்ணன் தம்பியின் கட்சிக்கும், தம்பி அண்ணன் கட்சிக்கும் மாறி இருப்பார்களாம்!

அந்த 59 வினாடிகள்

1903ம் ஆண்டு. இப்போது இன்ஜின் வேண்டும். தகுந்தது எங்கும் கிடைக்கவில்லை. கடையில் வேலை பார்த்த மெக்கானிக் சார்லி டெய்லர், ஆறே வாரத்தில் 12 குதிரைத் திறன் கொண்ட இன்ஜினைச் செய்து கொடுத்தார். விமானத்தின் அகலம் சுமார் 12 மீட்டர். எடை 274 கிலோ.

அதே நேரத்தில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் லாங்லி, அரசு கொடுத்த 50 ஆயிரம் டாலரில் ஒரு விமானம் செய்து கொண்டிருந்தார். டிசம்பர் 8ம் தேதி அது படகிலிருந்து கிளம்பிய உடனே பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ரைட் சகோதரர்கள் செலவழித்ததோ ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதுவும் சைக்கிள் விற்ற சொந்தப் பணம்.

டிசம்பர் 14ம் தேதி, யார் முதலில் பறப்பது என்று காசு சுண்டிப் பார்த்தனர். வில்பர் வென்றார். ஆனால், மூக்கை அதிகமாக உயர்த்தி விட்டதால் மூன்றரை வினாடியில் விமானம் மணலில் இறங்கி விட்டது. இரண்டு நாள் பழுது பார்க்கும் வேலை. டிசம்பர் 17ம் தேதி உறைய வைக்கும் குளிர், பலமான காற்று. பார்க்க வந்தவர்கள் ஐந்தே பேர். இம்முறை ஆர்விலின் முறை. 12 வினாடிகள், 120 அடி தூரம் பறந்தார். இன்ஜினோடு, கட்டுப்பாட்டோடு மனிதன் பறந்த முதல் பறத்தல் அது. அன்று நான்காவதாகவும் கடைசியாகவும் பறந்தவர் வில்பர். 59 வினாடிகள், 852 அடி! அதன் பின் ஒரு காற்று வீச்சு விமானத்தைப் புரட்டிப் போட்டு உடைத்து விட்டது. ஆனாலும், நினைத்தது நடந்து விட்டது.

ஊருக்குத் திரும்பி மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்தனர். 1905ம் ஆண்டு அக்டோபர் 5ம் தேதி டேட்டன் அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தின் மேல், வில்பர் வட்டம் வட்டமாகச் சுற்றி 39 நிமிடங்கள், சுமார் 39 கிலோ மீட்டர் பறந்தார். 1906ம் ஆண்டு மே 22ம் தேதி, இறக்கையை முறுக்கும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது.

வாயடைத்த பிரான்ஸ்

உலகம் நம்பியதா? இல்லை. பிரான்ஸ் நாட்டுப் பத்திரிகைகள் பொய்யர்கள் என்று கேலி செய்தன. 1908ம் ஆண்டு வில்பர் விமானத்தைப் பெட்டிகளில் வைத்து பிரான்சுக்குப் போனார். பெட்டியைத் திறந்தால், உள்ளே பாகங்கள் நொறுங்கிக் கிடந்தன. தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்தார். வேலையின் நடுவே இன்ஜினின் குழாய் கழன்று, கொதிக்கும் நீர் கையில் கொட்டி வெந்து போனது. அப்போதும் விடவில்லை. விமானம் இருந்த கொட்டகையிலேயே படுத்துக் கொண்டார்.

ஆகஸ்ட் 8ம் தேதி லெ மான்ஸ் நகரின் குதிரைப் பந்தய மைதானம். வில்பர் கிளம்பினார். இறக்கை முறுங்கியது, விமானம் பறவை போல அழகாகச் சாய்ந்து திரும்பியது. சாய்ந்தால் விழுந்து விடும் என்று பயந்து, தட்டையாகவே திரும்பிப் பழகியிருந்த பிரெஞ்சு விமானிகள் திகைத்து நின்றனர். பறந்தது 2 நிமிடம்கூட இல்லை. ஆனால், கேலி செய்த பத்திரிகைகள் மறுநாளே மன்னிப்புக் கேட்காத குறையாகப் புகழ்ந்தன.

ஆனால், செப்டம்பர் 17ம் தேதி, அமெரிக்காவில் ஆர்வில் ஓட்டிய விமானம் விழுந்தது. உடன் வந்த ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். விமான விபத்தில் ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை. ஆர்விலின் காலும் விலா எலும்புகளும் முறிந்தன. தங்கை காதரின் ஆசிரியை வேலைக்கு லீவு போட்டு விட்டு ஓடி வந்து, வாரக்கணக்கில் அருகில் இருந்து கவனித்தார். தாம் அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காதே என்று வில்பர் வருந்தினார். ஆனாலும், பறப்பதை நிறுத்தவில்லை. டிசம்பர் 31ம் தேதி 2 மணி 20 நிமிடம் வானில் இருந்து சாதனை படைத்தார். 1909ம் ஆண்டு நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையைச் சுற்றிப் பறந்தபோது லட்சக்கணக்கானோர் அண்ணாந்து பார்த்தனர். தண்ணீரில் விழுந்தால் மிதக்கட்டும் என்று விமானத்தின் அடியில் ஒரு சிறு படகைக் கட்டியிருந்தார்!

வானத்திலிருந்து நீதிமன்றத்துக்கு

புகழ் வந்தது, பணம் வந்தது, கூடவே வழக்கும் வந்தது. கிளென் கர்ட்டிஸ் என்பவர், இறக்கையை முறுக்காமல், இறக்கையோடு தனியாக அசையும் சிறு பலகைகளைப் பொருத்தி விமானம் விற்றார். இந்தப் பலகைக்கு எய்லரான் என்று பெயர். ஒரு பக்கம் தூக்குவிசையைக் கூட்டி, மறுபக்கம் குறைப்பது எங்கள் கண்டுபிடிப்பு. எந்த வழியில் செய்தாலும் அது எங்களுடையதே என்று ரைட் சகோதரர்கள் வழக்குப் போட்டனர். 1914ம் ஆண்டு மேல் நீதிமன்றத்திலும் அவர்கள் பக்கமே தீர்ப்பு ஆனது.

ஆனால், அந்த வெற்றியைப் பார்க்க வில்பர் இல்லை. புதிய விமானம் செய்ய வேண்டிய ஆண்டுகளை வக்கீல்களோடும் நீதிமன்றத்தோடும் கழித்து அவர் களைத்துப் போனார். 1912ம் ஆண்டு டைபாய்டு காய்ச்சல் வந்தது. மே 30ம் தேதி, 45வது வயதில் டேட்டனில் உயிர் பிரிந்தது. ஸ்மித்சோனியனுக்கு அந்த முதல் கடிதத்தை எழுதி அன்றோடு சரியாக 13 ஆண்டுகள்!

உழைப்பைத் திருடக் கூடாது என்பது நியாயம்தான். அந்த நியாயத்துக்காகப் போராடிய ஆண்டுகளில் வில்பர் செய்திருக்கக் கூடிய புதுமைகள் எத்தனையோ! அதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் உயிரோடு இருந்தபோது, இரு சகோதரர்களும் ஒன்றாகப் பறந்தது ஒரே ஒரு முறைதான். விபத்து நேர்ந்தால் ஒருவராவது மிஞ்சி வேலையைத் தொடர வேண்டும் என்று தந்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தனர். 1910ம் ஆண்டு மே 25ம் தேதி தந்தையின் அனுமதியோடு ஒன்றாகப் பறந்தனர். அன்றே 81 வயது தந்தையையும் ஆர்வில் விமானத்தில் ஏற்றிச் சென்றார். பயப்படுவார் என்று பார்த்தால், இன்னும் மேலே போகச் சொன்னாராம் அந்தத் தாத்தா!

மீண்டும் வந்தது முறுக்கு

விமானங்களின் வேகம் கூடக் கூட, வளையும் இறக்கைகள் தாங்கவில்லை. இறக்கை விறைப்பாக இருக்க வேண்டியதாயிற்று. எனவே, கீல் வைத்த எய்லரான்களே எல்லா விமானங்களிலும் வந்தன. விமானத்தில் ஜன்னல் ஓரம் உட்கார நேர்ந்தால், இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் அந்தப் பலகையைப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். வில்பரின் அட்டைப் பெட்டிதான் அங்கே வேலை செய்கிறது.

ஆனால், கீல் வைத்த பலகைக்கு ஒரு குறை உண்டு. பலகைக்கும் இறக்கைக்கும் நடுவே இடைவெளியும் மடிப்பும் விழும். காற்று அங்கே வழுக்கிச் செல்லாமல் குழம்பும். இழுப்பும் இரைச்சலும் கூடும். பறவையின் சிறகில் இந்த மடிப்பு இல்லையே!

எனவே, விஞ்ஞானிகள் மீண்டும் வளையும் இறக்கையைத் தேடினர். 1985ம் ஆண்டு அமெரிக்காவில் எப்-111 போர் விமானத்தில், பறக்கும்போதே வளைவை மாற்றிக் கொள்ளும் இறக்கையைப் பொருத்திப் பறக்க விட்டனர். 2002ம் ஆண்டு எப்-18 விமானம் ஒன்றில், விறைப்பைக் குறைத்த இறக்கையை வேண்டுமென்றே முறுங்க விட்டு, அந்த முறுக்கினாலேயே விமானத்தைச் சாய்த்துக் காட்டினர். 2014ம் ஆண்டு நாசா, ஒரு சிறிய ஜெட் விமானத்தின் பின்விளிம்பில் இடைவெளியே இல்லாமல் வளையும் மடல்களைப் பொருத்தியது. ஒரு பறத்தலுக்கு ஒரு கோணம் என வைத்து, மேல்நோக்கி 2 பாகை முதல் கீழ்நோக்கி 30 பாகை வரை வளைத்துச் சோதித்தது. நவீனப் பொருட்களும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு, நூறு ஆண்டுக்கு முன் மரமும் நூலுமாகப் பறந்த யோசனைக்கு மறுபிறவி கிடைத்திருக்கிறது.

1969ம் ஆண்டு நிலவில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங், ரைட் சகோதரர்களின் முதல் விமானத்துத் துணியையும் மரத்துண்டையும் தம்மோடு கொண்டு போனார். 2021ம் ஆண்டு செவ்வாய்க் கோளில் பறந்த குட்டி ஹெலிகாப்டரிலும் அந்தத் துணியின் சிறு துண்டு இருந்தது.

செல்வங்களே... வீட்டில் பற்பசை தீர்ந்ததும் பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். அதே பெட்டியை எத்தனையோ பேர் கையில் வைத்திருந்தனர். மூன்று ஆண்டு படுக்கை ஓரம் உட்கார்ந்து படித்த, மாதக்கணக்கில் பறவையைப் பார்த்த ஒருவரின் கண்ணுக்குத்தான் அதில் இறக்கை தெரிந்தது. உங்கள் கையில் இருக்கும் பொருளில் உங்களுக்கு என்ன தெரியப் போகிறது? தேடிப் பாருங்களேன்!